மாப்பிள்ளை கட்டிய கோபுரம்

அலுவலகத்தில் அவளுக்கு மேஸ்திரி என்று பெயர். முறையாகக் கட்டடக்கலை படித்துப் பட்டம் வாங்கியவள்தான். ஆனால் கணினித் திரையைப் பார்த்து அவள் போடுகிற சத்தம், சாரம் கட்டிய இடத்தில் கேட்கிற சத்தம் மாதிரியே இருந்ததால் பக்கத்து மேசைக்காரர்கள் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. "யாருய்யா இங்க ஜன்னலை வச்சது? கண்ணு இருக்கா இல்லையா உனக்கு?" என்று அவள் கத்தினால் யாரும் தலையைத் திருப்புவதுகூடக் கிடையாது. மாப்பிள்ளையோடு சண்டை என்று புரிந்துகொண்டு தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

மாப்பிள்ளை என்பது அந்த அலுவலகம் வாங்கி வைத்திருந்த செயற்கை நுண்ணறிவு. அந்தப் பெயரை வைத்தவள் மேஸ்திரிதான். பெரிய செலவு செய்து வீட்டுக்கு வரவழைத்தாயிற்று. இனி அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லக் கூடாது. என்ன கேட்டாலும் பணிவாகத் தலையாட்டும். தான் நினைத்ததைத்தான் செய்யும். வேறென்ன பெயர் வைப்பது?

இங்கே வருவதற்கு முன்பு அவள் நிஜக் கட்டடங்கள் கட்டுகிற ஒரு நிறுவனத்தில் நெடுங்காலம் இருந்தாள். அடுக்குமாடி வீடுகள், சின்னச் சின்ன மருத்துவமனைகள், ஒரு பேருந்து நிலையம். தொழில் படுத்ததும் அந்த நிறுவனம் கடையைக் கட்டியது. அதன்பிறகுதான் மெய்நிகர் உலகங்களைக் கட்டித்தருகிற இந்தக் கம்பெனிக்கு வந்தாள். தலையில் ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டால் எங்கேயும் இல்லாத ஓர் ஊரில் போய் நிற்கலாம். இல்லாத ஊர் என்றாலும் அதற்கும் தெரு வேண்டும், சுவர் வேண்டும், வாசல் வேண்டும். யாராவது ஒருவர் அதைக் கட்டத்தானே வேண்டும்?

ஆரம்பத்தில் அவளுக்கு அது சொர்க்கமாகத்தான் இருந்தது. மழை பெய்து வேலை நிற்காது. சிமென்ட் விலை ஏறாது. "இந்தத் தூணை எடுத்தா மேல தளம் உக்காந்துரும்" என்று சொல்ல ஆள் கிடையாது. தூணே இல்லாமல் மாளிகை நிற்கும். பிறகு மாப்பிள்ளை வந்தது. அதற்குப் பிறகு அவள் கட்டுவது நின்றுபோய், அது கட்டியதைக் கூட்டிப் பெருக்குவதே வேலையாகிவிட்டது.

வீடு கட்டச் சொன்னால் சுற்றிலும் பால்கனி வைக்கும். ஒரு பால்கனிக்கும் உள்ளேயிருந்து கதவு இருக்காது. நாடக அரங்கம் கேட்டால் அற்புதமான அரங்கம் வரும். கழிவறைக் கதவு மேடையில் திறக்கும். ஒரு நாள் படிக்கட்டு ஒன்று நேராகப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. "இந்தப் படிக்கட்டு எங்கே போகிறது?" என்று தட்டெழுதிக் கேட்டாள். உடனே பதில் வந்தது: "நீங்கள் சுட்டிக்காட்டியது மிகவும் சரி. தவறுக்கு வருந்துகிறேன். திருத்திவிட்டேன்." போய்ப் பார்த்தால் படிக்கட்டு அப்படியே சுவரில் முட்டிக்கொண்டுதான் நின்றது. முதல் படியில் புதிதாக ஒரு பூந்தொட்டி.

குழுத்தலைவர் அவளைவிடப் பத்து வயது சின்னவர். எதற்கும் அசராதவர். "மேடம், அது ஒரு மத்தியானத்துல ஒரு ஊரையே கட்டிடுச்சு. நீங்க ஒரு கதவைப் பிடிச்சு ரெண்டு நாளா தொங்கிக்கிட்டு இருக்கீங்க."

"அந்தக் கதவு தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்துல இருக்கு சார். உள்ள போறவங்க பறந்தா போவாங்க?"

"நம்ம உலகத்துல பறக்கலாமே மேடம்."

 அவள் திரைக்குத் திரும்பி அந்தக் கதவைத் தரைக்கு இறக்கினாள்.

வீட்டுக்குப் போனாலாவது நிம்மதியா என்றால், அங்கே அண்ணன் இருந்தார்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளாதவர். வாழ்நாள் முழுக்க ஊரில் உள்ள லிஃப்ட்டுகளின் தலைமேல் ஏறி நின்று கிரீஸ் பூசியவர். தங்கை கட்டடம் படிக்கப் போன நாளிலிருந்து இருவருக்கும் ஒரே சண்டைதான். கட்டடத்துக்கு முதுகெலும்பு மாடிப்படி என்பாள் அவள். "மாடிப்படிங்கறது நான் லீவு போட்டா ஜனங்க ஏறுறதுக்கு" என்பார் அவர். அப்படிப்பட்ட மனிதருக்குப் பக்கவாதம் வந்தது. கை தேறிவிட்டது, பேச்சுக்கு ஒரு குறையும் வரவில்லை. இடது கால் மட்டும் முரண்டு பிடித்தது. அவருடைய வாடகை வீடு முதல் மாடியில். லிஃப்ட் இல்லாத கட்டடம். அதனால் தங்கை வீட்டு முன்னறையில் கட்டிலைப் போட்டுக் குடியேறினார்.

கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடப்பார், ஜன்னலிலிருந்து கட்டில் வரை நடப்பார். வாசலைத் தாண்ட மாட்டார். காலை இழுத்துக்கொண்டு நடப்பதைத் தெருவில் நாலு பேர் பார்ப்பார்களாம். வாரத்தில் சில நாள் புனர்வாழ்வு மையத்திலிருந்து ஒரு பிசியோ பெண் வந்து பயிற்சி கொடுப்பாள். அவள் வருகிற நேரம் பார்த்து அவருக்குத் தலை வலிக்கும், இல்லையென்றால் தூக்கம் வரும்.

"வெளியில போய் ரெண்டு தப்படி நடந்தா என்ன அண்ணா?"

"போறேன்."

"எப்ப?"

"உனக்கு என்ன அவசரம் பாப்பா? தெரு எங்கயும் போயிடாது."

நாற்பத்தேழு வயதில் பாப்பா. அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டு எதையும் செய்யாத ஒன்று. வீட்டில் எல்லாவற்றுக்கும் முடியாது என்று சொல்லி அதேபோல எதையும் செய்யாத ஒருவர். நடுவில் அவள் கிடந்து அல்லாடினாள். ஒருநாள் போனில் சக ஊழியரிடம், "அந்த மாப்பிள்ளைக்கு மண்டையில ஒண்ணுமே கிடையாது, வெறும் பகட்டு" என்று அவள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட கணவர், அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "என்னைப் பத்தியா மச்சான்கிட்ட பேசுற? நான் என்ன பண்ணினேன்?" என்று முகம் வாடிக் கேட்டார். அவருக்கு வேறு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த நிலையில்தான் அந்தப் புனர்வாழ்வு மையமே அவளுடைய கம்பெனிக்கு ஒரு வேலை கொடுத்தது. வெளியில் போகப் பயப்படுகிற நோயாளிகள் நடந்து பழக ஒரு மெய்நிகர் ஊர் வேண்டும். மையத்தில் ஒரு கூடம் ஒதுக்கியிருந்தார்கள். காலடியில் டிரெட்மில் மாதிரி ஒரு பட்டை ஓடும். ஊரில் படி வந்தால் நிஜமாகவே ஒரு பலகை எழும்பும். இடுப்பில் ஒரு வாரைக் கட்டி மேலேயிருந்து தொங்க விட்டிருப்பார்கள். விழ முடியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டால் தெருவில் நடக்கலாம்.

மேஸ்திரி இந்த வேலையை யாரும் கேட்பதற்கு முன்பே எழுந்துபோய் வாங்கிக்கொண்டாள். யாருக்காகக் கட்டுகிறாள் என்பதை அலுவலகத்தில் சொல்லவில்லை.

மாப்பிள்ளை தன் வழக்கப்படி ஒரே மத்தியானத்தில் ஊரைக் கட்டித் தந்தது. வானத்தைத் தொடும் கோபுரங்கள், அந்தரத்தில் பாலங்கள், வழுக்குகிற பளிங்குத் தெரு. கைப்பிடி வை என்றாள். வைத்தது, கூரைமேல். உட்கார இருக்கை வை என்றாள். யானை உட்காரலாம்போல ஒரு சிம்மாசனம் வந்தது. "நோயாளிகளுக்கான ஊர். எளிமையாக இருக்க வேண்டும்" என்று அவள் எழுதினால், "அருமையான யோசனை!" என்று பாராட்டிவிட்டுக் கோபுரத்துக்கு வெள்ளை அடித்தது.

கடைசியில் ஒரு தெருவை மட்டும் தனியாகப் பிரித்து, மாப்பிள்ளையை அதற்குள் விடாமல், தன் கையாலேயே கட்டினாள். மருந்துக் கடை, ரொட்டிக் கடை, தபால் பெட்டி, பேருந்து நிறுத்தம். படியின் உயரம் ஒரு விரல்கடைகூட மாறாது. இரண்டு பக்கமும் கம்பி. மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் பெஞ்சு. இப்படி நிதானமாக ஒரு வேலை செய்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவளுக்கே தோன்றியது. தெருக்கோடியில் மாப்பிள்ளையின் ஊர் ஆரம்பமாகிற இடத்தை அடைத்துவிடும்படி அதனிடமே சொன்னாள். "மூடிவிட்டேன்" என்றது. குழுத்தலைவர் நாளை மறுநாள் வெள்ளோட்டம் என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்ததால் அவள் போய்ப் பார்க்கவில்லை.

வெள்ளோட்டத்துக்கு அண்ணனை வரவழைத்தது பிசியோ பெண். முதலில் முடியவே முடியாது என்றவர், வாரைக் கூரையிலிருந்து கம்பியில் தொங்க விட்டிருக்கிறார்கள் என்று அவள் பேச்சுவாக்கில் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன கம்பி? கப்பி எத்தனை? யாரு மாட்டினது?" அதைச் சோதித்துப் பார்க்கத்தான் அவர் காரில் ஏறினார். கூடத்துக்குள் போனதும் அண்ணாந்து கப்பியைப் பார்த்தார். அதன் நட்டைக் கொஞ்சம் முடுக்கச் சொன்னார். அதன்பிறகுதான் இடுப்பைக் காட்டினார்.

அவர் பார்ப்பதெல்லாம் சுவரில் ஒரு பெரிய திரையில் தெரிந்தது. மேஸ்திரியும் குழுத்தலைவரும் பிசியோ பெண்ணும் அதன் முன் நின்றார்கள்.

அண்ணன் தெருவில் காலை வைத்தார். மருந்துக் கடையைத் தாண்டினார். ரொட்டிக் கடையைத் தாண்டினார். நின்றார்.

"என்ன அண்ணா, வலிக்குதா?"

"இல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவைத் தூக்கி வெயில்ல போட்ட மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு அமர்க்களம்?"

மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. குழுத்தலைவர் செருமினார். அண்ணன் ஒரு பெஞ்சிலும் உட்காரவில்லை, ஒரு கம்பியையும் தொடவில்லை. சலிப்போடு தெருக்கோடி வரை போனார். அங்கே அழகான வளைவு ஒன்று நின்றது. அதில் 'மூடப்பட்டுள்ளது' என்று ஒரு பலகை. வளைவு மட்டும் ஆவென்று திறந்து கிடந்தது.

"அட பாவி!" என்றாள் மேஸ்திரி வாய்விட்டு.

"மூடியிருக்குன்னு போர்டு மாட்டிட்டு திறந்து போட்டிருக்கான் பாரு" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் உள்ளே நுழைந்தார்.

எதிரே வானத்துக்கும் பூமிக்குமாக ஒரு கோபுரம். கீழே வாசல் இல்லை. வெளிப்புறமாகச் சுற்றிச் சுற்றி ஒரு படிக்கட்டு ஏறியது. இரண்டு மாடி உயரத்தில் அது முடிகிற இடத்தில், பளபளவென்று ஒரு லிஃப்ட் கதவு. பக்கத்தில் பொத்தான் மினுக்கியது.

அண்ணன் அசையாமல் நின்றார். தலை மெல்ல மேலும் கீழும் போனது.

"பாப்பா. லிஃப்ட்டு மேல இருக்கு. கீழ எங்க?"

"கீழ இல்ல அண்ணா. அது தப்பு. நீங்க திரும்பி வாங்க."

"அப்ப, லிஃப்ட்டுல ஏறணும்னா மொதல்ல மாடி ஏறணுமா?"

"அது நான் கட்டினது இல்ல!"

"எந்த மடப்பய கட்டினான்? ஷாஃப்ட் எங்க? ரோப் எங்க போகுது? இரு, அந்தப் பொத்தானை அமுக்கிப் பார்க்காம நான் வரமாட்டேன்."

முதல் படியில் வலது காலை வைத்தார். இடது கால் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னாலேயே போனது. கைப்பிடி கிடையாது. மேஸ்திரி நிறுத்தச் சொல்ல வாயெடுத்தாள். பிசியோ பெண் அவள் கையை அழுத்திப் பிடித்தாள். "வார் இருக்குக்கா. விடுங்க. விடுங்க."

அவர் திட்டிக்கொண்டே ஏறினார். கட்டியவனைத் திட்டினார், அதை அனுமதித்த அதிகாரியைத் திட்டினார், மேற்பார்வை பார்க்காத என்ஜினியரைத் திட்டினார். ஒவ்வொரு வசவுக்கும் ஒரு படி. பாதியில் மூச்சு வாங்க நின்று, கோபுரத்தை நிமிர்ந்து பார்த்து, புதிதாக ஒரு வசவு கிடைத்ததும் மறுபடி ஏறினார். வீட்டில் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் தேய்ந்துகொண்டிருந்த கால், இங்கே தூக்கித் தூக்கி வைத்தது. கடைசிப் படிக்குப் போய்ப் பொத்தானைக் குத்தினார். கதவு மெதுவாகத் திறந்தது. உள்ளே வெறும் வானம். இரண்டு பறவைகள் பறந்துபோயின.

"கூப்பிடு அவனை!" என்று அண்ணன் கர்ஜித்தார். "இதைக் கட்டினவனை என் முன்னால கொண்டா!"

கண்ணாடியைக் கழற்றியபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.  பிசியோ பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. மேஸ்திரிக்குச் சிரிப்பதா, அழுவதா, மாப்பிள்ளையைப் போய் உதைப்பதா என்று தெரியவில்லை. அவள் உயிரைக் கொடுத்துக் கட்டிய தெருவில் தூங்கி வழிந்த மனிதர், அந்த அசட்டுக் கோபுரத்தில் ஏறியிருக்கிறார்.

காரில் திரும்பும்போது பொறுக்க முடியாமல் கேட்டாள். "என் தெருவுல என்ன குறை அண்ணா?"

"குறையே இல்ல. அதுதான் குறை." அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க திரும்பினாலும் பெஞ்சு. எங்க கை நீட்டினாலும் கம்பி. இவன் விழுந்துருவான், இவன் விழுந்துருவான்னு தெருவே சொல்லிக்கிட்டு இருக்கு. வீட்டுல நீ சொல்றது போதாதா?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் தள்ள முடியவில்லை என்பதால் அது இறங்க இடமில்லாமல் நெஞ்சிலேயே நின்றது.

மையத்தின் தலைமை மருத்துவர் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு, இதுபோல இன்னும் வேண்டும் என்றார். குழுத்தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா மேடம்? நான் அப்பவே சொன்னேன். எல்லாத் தெருவுலயும் இந்த மாதிரி ஒரு தப்பைப் போட்டுருங்க."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மாப்பிள்ளையிடம் போனாள். "அந்தக் கோபுரம் மாதிரி, பொருத்தமே இல்லாத, பார்த்தால் எரிச்சல் வருகிற கட்டடங்கள் வேண்டும்" என்று எழுதினாள். "அருமையான யோசனை!" என்று சொல்லிவிட்டு அது வரிசையாகக் கட்டித் தந்தது. எல்லாவற்றிலும் கீழே வாசல் இருந்தது. படிக்கட்டு மாடிக்குப் போனது. பால்கனிக்குக் கதவு இருந்தது. லிஃப்ட் வேலை செய்தது. போதாததற்கு, கோபுரத்தையும் தானாகவே திருத்தி வைத்திருந்தது.

அன்று மேஸ்திரி போட்ட சத்தத்துக்கு மட்டும் முழுத் தளமும் எழுந்து நின்று பார்த்தது.

வேறு வழியில்லாமல், நன்றாகக் கட்டப் படித்தவள் உட்கார்ந்து கோணலாகக் கட்ட ஆரம்பித்தாள். அது லேசான வேலை இல்லை. சும்மா கோணலாக இருந்தால் ஆள் தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார். கோணல், பார்ப்பவரை இழுக்க வேண்டும். காலை ஏமாற்றக் கூடாது. சுவரைப் பார்த்துத் திறக்கும் ஜன்னல் வைத்தாள். அது எதைக் காட்டுகிறது என்று பார்க்க ஆறு படி ஏறியாக வேண்டும். பூட்டு இரண்டாம் மாடியிலும் கதவு தரையிலுமாக ஒரு வீடு கட்டினாள். படியின் உயரம் மட்டும் எங்கேயும் மாறவில்லை. கம்பிகளை எடுத்துவிட்டு, கை போகிற உயரத்தில் சுவரிலேயே ஒரு விளிம்பை நீட்டிவிட்டாள். பெஞ்சுகளை எடுத்துவிட்டு, கடை வாசல்களில் உட்காரத் தோதான திண்டுகளை வைத்தாள். பிடிமானம் எல்லாம் இருந்தது. பிடிமானம் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். மாப்பிள்ளை ஒவ்வொன்றையும் சரிசெய்யட்டுமா என்று பணிவோடு கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்று தட்டித் தட்டி அவள் விரல் ஓய்ந்தது.

அண்ணன் ஒரு நாளும் தவறாமல் மையத்துக்குப் போனார். அங்கே வருகிற மற்ற நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு ஊரைத் திட்டுகிற ஒரு கோஷ்டியே உண்டாக்கிவிட்டார். யார் கட்டியது என்று பிசியோ பெண் மூச்சு விடவில்லை. சாப்பிடும்போது அவர் அந்த ஊரின் அலங்கோலத்தைப் பிட்டுப் பிட்டு வைப்பார். "பூட்டை மாடியில வச்சிருக்கா பாரு, எந்த உலகத்துல இருந்து வந்தாளோ!" வச்சிருக்கான் என்று சொல்லவில்லை, வச்சிருக்கா என்றார். அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கணவர் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்துபோய்ச் சிரித்தார்.

பிறகு ஒரு காலையில் அண்ணன் கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார். யாரிடமும் சொல்லவில்லை. தேடிக்கொண்டு ஓடியவள் தெருமுனையில் பிடித்தாள். "சொல்லிட்டு வந்தா என்ன?" என்று அவள் கத்த, "சொன்னா கம்பி போட்டுருவே" என்று அவர் கத்த, போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாலு பேர் பார்ப்பார்களே என்று பயந்த மனிதர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

மழைக்காலத்துக்கு முன் அவர் தன் வீட்டுக்கே திரும்பினார். அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், கேட்கிற ஆளா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளும் பின்னாலேயே போனாள். அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிகள் ஒன்று உயரம், ஒன்று பள்ளம். திருப்பத்தில் விளக்கு எரியவில்லை. "இதைக் கட்டினவனுக்கு லைசன்ஸ் யார் கொடுத்தா?" என்று முணுமுணுத்துக்கொண்டே, அவர் தடுமாறினால் தாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு படி கீழேயே ஏறினாள். அவர் சுவரில் ஒரு கையை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டார்.

எதிர்வீட்டுக்காரர் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தார். "வாங்க வாங்க, எவ்வளவு நாளாச்சு! இவங்க யாரு?"

"என் தங்கச்சி" என்றார் அண்ணன், சாவியைத் துழாவிக்கொண்டே. "ஊர் ஊரா கட்டுறா. ஒருத்தனும் குடியிருக்க முடியாது. நான் போய்ப் பார்த்திருக்கேன்."

எதிர்வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மரியாதைக்கு, "அப்படியா? ரொம்ப சந்தோஷம்மா" என்றார். மேஸ்திரி பெட்டியைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

"கதவைத் திறங்க அண்ணா. கை விட்டுப்போச்சு."